வியன்னாவின் வித்தியார்த்தி

ஐரோப்பாவின் ராஜதானி நகரங்களில் காணப்படும் மனிதர்களை, அங்கேயே பிறந்தவர்கள், பிழைப்பை நாடி வந்தவர்கள், நாலு நாள் சுற்றிப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போக வந்தவர்கள் என்று மூன்று வகையாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தால், அந்த மூன்றிலும் அடங்காமல் நான்காவதாக ஒருவர் வந்து நிற்கிறார். கழுத்தில் கம்பளிச் சால்வையும், தோளில் ஒரு பையும், பைக்குள் நாலு வர்ணத்தில் கோடிட்ட ஓர் இலக்கணப் புத்தகமும் உடையவராய், உதடுகள் மட்டும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருக்க, டிராம் வண்டியின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் வாலிபர் ஒருவரை வியன்னாவில் நீங்கள் காண நேர்ந்தால், அவர் ஏதோ மந்திரத்தை ஜபிக்கிறார் என்று எண்ணிக் கையெடுத்துவிட வேண்டாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு காப்பி கேட்பதற்கு வேண்டிய வாக்கியத்தைத்தான் அவர் உருப்போட்டுக்கொண்டிருக்கிறார். அவரே மொழி பயில வந்த பல்கலைக்கழக வித்தியார்த்தி.

இவரை எந்தத் தேசத்திலிருந்தும் வரவழைக்கலாமென்றாலும், இங்கிலாந்திலிருந்து வருகிறவரே இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. அந்நாட்டில் அந்நிய மொழி ஒன்றில் பட்டம் பெற விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு வருஷப் படிப்பு. அதில் மூன்றாவது வருஷத்தை அந்த மொழி வழங்கும் பூமியில் கழித்துவர வேண்டும் என்பது சம்பிரதாயம். மகன் ஜெர்மன் மொழியில் கனவு காண்பவனாகத் திரும்புவான் என்று தாயாரும், துணி துவைக்கவாவது கற்றுக்கொண்டு திரும்புவான் என்று தகப்பனாரும், ஒரு நல்ல ஆராய்ச்சிக் கட்டுரையோடு திரும்புவான் என்று பேராசிரியரும் எதிர்பார்த்து வழியனுப்ப, நம் வித்தியார்த்தியோ இந்த மூன்றில் எதையும் பற்றிக் கவலைப்படாமல், புகை படிந்த காப்பிக் கடையில் தத்துவ ஞானிகளோடு தாம் சரிக்குச் சரி தர்க்கம் செய்வது போன்ற ஒரு சித்திரத்தை மனத்தில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார்.

தம் மொழியறிவைப் பற்றி அவருக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. ஏனெனில் அது அளந்து முத்திரை குத்தப்பட்ட அறிவு. ஐரோப்பிய கவுன்சில் என்னும் ஸ்தாபனம் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோலின்படி, ஒருவருடைய மொழித் தேர்ச்சிக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. நம் ஊரில் ஜாதகத்தை நீட்டும்போது நட்சத்திரத்தையும் ராசியையும் சொல்லுவதுபோல, இவ்வினத்தார் ஒருவரையொருவர் சந்தித்தவுடனே தம் பெயருக்கு அடுத்தபடியாகச் சொல்லிக்கொள்வது இந்தப் படியைத்தான். நம்மவர் பி2. அந்தப் படியில் இருப்பவருக்கு அம்மொழி பேசுவோரோடு இரு தரப்பாருக்கும் சிரமமில்லாமல் சரளமாகச் சம்பாஷிக்க இயலும் என்று அளவுகோல் உறுதி கூறுகிறது. ஆனால் அந்த உறுதிமொழியை வியன்னா நகரத்தாருக்கு யாரும் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மன் மொழியின் துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும் என்பது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு பெருந்துயரம். மார்க் ட்வெயின் 1880 இல் வெளியான தம் பிரயாண நூலின் பின்னிணைப்பாக இம்மொழியைப் பரிகசித்து ஒரு கட்டுரையே எழுதிச் சேர்த்தார். பிறகு 1897 இல் வியன்னாவிலேயே வந்து குடியேறியபோது, அங்குள்ள பத்திரிகையாளர் சங்கத்தில், ஜெர்மன் மொழியின் பயங்கரங்களைப் பற்றி ஜெர்மன் மொழியிலேயே பிரசங்கம் செய்து தம் வன்மத்தைத் தீர்த்துக்கொண்டார். யார், எப்போது, எங்கே, எவருடன், எதற்காக, எந்த நிலைமையில் என்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அந்த மனிதர் செத்தாரா பிழைத்தாரா என்பதை முற்றுப்புள்ளிக்கு அருகில்தான் அறிந்துகொள்வதில் தமிழராகிய நமக்கு யாதொரு சிரமமும் இல்லை. நாம் பிறந்தது முதல் வினைக்காகக் காத்திருந்து பழகியவர்கள். நம் வித்தியார்த்தியோ வினை வருவதற்குள் எழுவாயை மறந்துவிடுகிறார். எழுவாயைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தால் வினை வந்து போனதைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்.

இந்த ஸ்திதியில் அவர் வியன்னாவில் இறங்குகிறார். அங்கே குடியேறுகிறவர் வீடு புகுந்த மூன்று நாளைக்குள் அந்தச் செய்தியை நகர அதிகாரிகளிடம் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்காரர் தொலைபேசியில் “ஃபியர்டெல் டிரை” மணிக்கு வருவதாகச் சொன்னார். “ஃபியர்டெல்” என்றால் கால், “டிரை” என்றால் மூன்று என்று நம்மவருக்குத் தெரியும். எனவே மூன்றே காலுக்குப் புதுச் சட்டை அணிந்துகொண்டு வாசலில் போய் நின்றார். ஆனால் கிழக்கு ஆஸ்திரியாவில் அந்தச் சொற்றொடருக்கு, மூன்றாவது மணி நேரத்தில் கால் பங்கு கழிந்தது, அதாவது இரண்டே கால் என்று பொருள். வீட்டுக்காரர் இரண்டே காலுக்கு வந்து, அழைப்பு மணியை அடித்துப் பார்த்து, அரைமணி நேரம் காத்திருந்து, படிவத்தைக் கதவில் சொருகிவிட்டு, ஆங்கிலேயர்களின் நேரந்தவறாமையைப் பற்றித் தாம் சிறுவயது முதல் கொண்டிருந்த அபிப்பிராயத்தையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பரீட்சை காப்பிக் கடையில். வியன்னாவில் காப்பிக்குக் கொடுக்கும் காசு உண்மையில் வாடகைக் காசு. பளிங்கு மேஜையும், மரச்சட்டத்தில் கோத்து மாட்டிய தினசரிகளும், கறுப்பு உடுப்பணிந்த பரிசாரகரும் உள்ள அந்த மண்டபத்தில் ஒரே ஒரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அஸ்தமனம் வரையில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். பரிசாரகரை “ஹெர் ஓபர்” என்று மரியாதையாக அழைக்க வேண்டும். அவரோ அந்த மரியாதையைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் அல்லர். டிராம் வண்டியில் ஏழு நிறுத்தங்களாக உருப்போட்ட வாக்கியத்தை, “ஐயா, எனக்கு ஒரு காப்பி கிடைக்கக் கூடுமாயின் மிகவும் உவகை அடைவேன்” என்ற பொருள்படும்படி, சந்தேகார்த்த வினை முற்றுப் பிசகாமல், நம்மவர் ஒப்புவித்தார். ஹெர் ஓபர் சிறிதும் அசையவில்லை. வைத்தியரிடம் போய், “எனக்கு ஒரு மருந்து கொடுங்கள்” என்று பொதுப்படையாகக் கேட்கும் நோயாளியைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தார். ஏனெனில் அந்த ஊரில் வெறுங்காப்பி என்று ஒரு வஸ்து கிடையாது. சின்னப் பழுப்பு உண்டு, பெரிய பழுப்பு உண்டு, வெந்நீரால் நீட்டியது உண்டு, பால் நுரை மிதக்கும் மெலான்ஷ் உண்டு, கண்ணாடிக் குவளையில் பாலேட்டைக் கோபுரமாக ஏற்றி வைத்த ஐன்ஷ்பென்னர் உண்டு. கடைசியில் சொன்னதற்கு ஒற்றைக் குதிரை வண்டி என்று அர்த்தம். இவற்றில் எது வேண்டும் என்று ஹெர் ஓபர் கேட்டார். கேட்டது ஆங்கிலத்தில், அதுவும் நம்மவருடைய ஜெர்மனைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில்.

வெள்ளித் தட்டில் மெலான்ஷ் வந்தது. பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும், குவளையின் வாய்மேல் குறுக்காகக் கவிழ்த்து வைத்த ஒரு சிறு கரண்டியும் வந்தன. அந்தக் கரண்டியைப் பார்த்தபடியே நம் வித்தியார்த்தி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தம்மிடமிருந்த மிக நல்ல வாக்கியத்தைச் செலவழித்துவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு ஜெர்மன் சொல்கூடக் கைக்கு வரவில்லை. அன்றிரவு தாயாருக்கு எழுதிய கடிதத்தில், “இங்குள்ள காப்பிக் கடைகளில் சம்பாஷணை மிகவும் உயர்தரமானது” என்று குறிப்பிட்டார். அது பொய்யும் அன்று. பக்கத்து மேஜையில் நடந்த சம்பாஷணை உயர்தரமாகத்தான் இருந்திருக்கும்.

இப்படியாக அவருக்கு ஒரு விநோதமான விரோதி ஏற்பட்டது: ஊராருடைய உபசாரம். ரொட்டிக் கடைக்காரியும், வங்கிக் குமாஸ்தாவும், வழி சொல்லுகிறவரும் அவருடைய முதல் வாக்கியத்தின் முதல் பிசகைக் கேட்டவுடனே மனமிரங்கி ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். பரஸ்பரம் மொழி கற்பித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு வாரந்தோறும் சந்திக்கும் வியன்னா மாணவர் ஒருவர் கிடைத்தார். ஒரு மணி நேரத்தில் பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம் என்பது ஏற்பாடு. ஜெர்மன் பாதி வானிலையோடு முடிந்துவிட, ஆங்கிலப் பாதி அரசியல், சினிமா, காதல் தோல்வி என்று இரவு வரையில் விரிந்தது. அந்த வியன்னா மாணவருடைய ஆங்கிலம் வரவர மெருகேறியதைப் பற்றி எவ்விதச் சந்தேகமும் இல்லை.

தங்கியிருந்த விடுதியின் பொதுச் சமையலறையிலோ சர்வதேச மகாநாடு. 1987 இல் ஆரம்பமான எராஸ்மஸ் திட்டத்தின் புண்ணியத்தால் ஸ்பெயின், இத்தாலி, போலந்து முதலிய தேசத்துப் பிள்ளைகள் அங்கே கூடியிருந்தார்கள். அந்தத் திட்டத்துக்குத் தம் பெயரை ஈந்த எராஸ்மஸ் என்னும் மகா பண்டிதர் பாரீஸ், கேம்பிரிட்ஜ், டூரின், பாசெல் என்று ஊர் ஊராகச் சஞ்சரித்து, போன இடமெல்லாம் லத்தீன் மொழியிலேயே காலட்சேபம் நடத்தியவர். அந்த வகையில் சிஷ்யர்கள் குருவுக்குச் சிறிதும் பங்கம் விளைவிக்கவில்லை. லத்தீன் இருந்த இடத்தில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. ஆறு மாதத்துக்குப் பின் நம் வித்தியார்த்திக்கு உண்மையான தேர்ச்சி ஏற்பட்டிருந்த மொழி எது என்று கேட்டால், ஸ்பானியர் பேசும் ஆங்கிலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவருடைய தகப்பனார் வருத்தப்படுவார். 1365 இல் நான்காம் ருடால்ஃப் கோமகனால் ஸ்தாபிக்கப்பட்ட அந்தக் கலாசாலையில், ஒன்பது மணிக்கு என்று போட்ட வகுப்பு ஒன்பதே காலுக்குத் தொடங்குவது புராதனமான சலுகை. முடிந்ததும் மாணவர்கள் கை தட்டாமல் விரல் மூட்டினால் மேஜையைத் தட்டுவது மரபு. முதல் வகுப்பில் பேராசிரியர் சொன்னது ஒன்றும் விளங்காமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த நம்மவர், கடைசியில் எல்லோரும் மேஜையைத் தட்டியபோது, பேராசிரியரை எதிர்த்துக் கலகம் மூண்டுவிட்டதாக எண்ணிப் பையைத் தூக்கிக்கொண்டு கதவோரம் ஒதுங்கிவிட்டார். மாலை வேளைகளில் சங்கீத நாடக மாளிகையின் நின்று பார்க்கும் பகுதியில் மலிவுச் சீட்டு வாங்கி, தம் சால்வையை முன்கம்பியில் முடிந்து இடம் பிடித்து வைப்பதில் மட்டும் அவர் சீக்கிரமே நிபுணராகிவிட்டார். சால்வை கட்டுவதற்கு இலக்கணம் தேவையில்லை.

அவருடைய உண்மையான வித்தியாரம்பம் நடந்தது மார்ச்சு மாதத்தில், குப்பைத் தொட்டியருகில். அந்த நகரத்தில் வெள்ளைக் கண்ணாடிக்கு ஒரு தொட்டி, வர்ணக் கண்ணாடிக்கு ஒரு தொட்டி. சமையலறை மகாநாட்டின் எச்சங்களை அள்ளிக்கொண்டு வந்த நம்மவர், ஒரு பச்சைப் புட்டியை வெள்ளைக் கண்ணாடித் தொட்டியில் போட்டார். போட்ட சத்தம் அடங்குமுன் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. பக்கத்து வீட்டுத் தரைத்தளத்தில் தனியே வசிக்கும் ஒரு பாட்டி, ஒரு கையில் நாயின் கயிற்றையும் மறு கையில் கைத்தடியையும் பிடித்துக்கொண்டு, அசல் வியன்னாப் பேச்சில், இளைஞர்களின் ஒழுங்கீனம், அந்நியர்களின் அலட்சியம், பச்சைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத கண்களின் பிரயோஜனம் ஆகிய விஷயங்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். நம்மவர் வழக்கம்போல் எதிராளி ஆங்கிலத்துக்கு மாறுவார் என்று காத்திருந்தார். பாட்டி மாறவில்லை, மாறுவதற்குப் பாட்டியிடம் வேறு மொழி இல்லை.

வேறு கதியின்றி நம்மவர் வாயைத் திறந்தார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. கலவரத்தில் அவர் பாட்டியை “நீ” என்று ஒருமையில் விளித்து மன்னிப்புக் கேட்டுவிட்டார். இதன் பலன் என்னவென்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பச்சைப் புட்டி அந்த க்ஷணமே மன்னிக்கப்பட்டது. வழக்கு வேறு சட்டப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. பத்து நிமிஷம் நடந்த அந்த விசாரணையில் நம் வித்தியார்த்தி தம்மையும் அறியாமல் எட்டு வாக்கியங்கள் பேசினார். எட்டிலும் பிழை, ஆனாலும் எட்டுக்கும் பதில் வந்தது, ஜெர்மனில். ஏழு மாதத்தில் யாரும் அவருக்குச் செய்யாத கௌரவத்தை அந்தப் பாட்டி செய்தார்: உபசரிக்காமல் ஏசினார். உபசாரம் விருந்தாளிக்கு, ஏச்சு வீட்டுப் பிள்ளைக்கு.

மறுநாள் காய்கறிப் பையைச் சுமந்துகொண்டு வந்து வைத்ததில் சமாதானம் ஏற்பட்டது. பிறகு வாரம் தவறாமல் போக்குவரத்து. “ஸெஸலில் உட்காரும்” என்றார் பாட்டி. பாடப் புத்தகத்தின்படி ஸெஸல் என்றால் சாய்வதற்கேற்ற மெத்தை நாற்காலி. அதைத் தேடி அறையெங்கும் கண்ணை ஓட்டினார் நம்மவர். வியன்னாவில் அது சமையலறையிலிருக்கும் சாதாரண மர நாற்காலி. அன்று முதல் பாட்டி அவருடைய புத்தகத்தைச் சொல் சொல்லாகக் காலி செய்யத் தொடங்கினார். ஜனவரி மாதத்துக்கு “யென்னர்” என்றார். இந்த வருஷம் என்பதற்கு “ஹொயர்” என்ற ஒரே சொல்லைக் கொடுத்தார். தக்காளிக்கு ஜெர்மனியில் வழங்கும் “டொமாட்டெ” என்ற சொல்லை நம்மவர் உச்சரித்தபோதெல்லாம், காது கேளாதவர்போல் இருந்துவிட்டு, “பாரடைஸர்” என்று சொன்ன பிறகே தட்டை நகர்த்தினார். சொர்க்கத்துக் கனி என்ற பழம் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுத் தக்காளி பாட்டியின் ரசத்துக்கும் உதவவில்லை.

அத்துடன் பாட்டி அவரை “ஹெர் மகிஸ்டர்” என்று அழைக்கவும் தலைப்பட்டார். ஆஸ்திரியாவில் பிரபுக்களின் பட்டங்களை 1919 இல் சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள்; அதனால் காலியான இடத்தில் கலாசாலைப் பட்டங்களை வைத்து ஜனங்கள் அழைத்துக்கொள்கிறார்கள். தாம் இன்னும் பட்டம் பெறவில்லை என்று நம்மவர் முதலில் இரண்டு முறை ஆட்சேபித்தார். மூன்றாவது முறை ஆட்சேபிக்கவில்லை. நான்காவது முறை, அஞ்சல்காரர் அருகில் நின்றபோது, பாட்டி இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கோடை வந்தபோது அவர் வேறு மனிதர். டிராமை நகரத்தார் போலச் செல்லமாக “பிம்” என்றார். ஹெர் ஓபரிடம் உவகையும் சந்தேகார்த்தமும் இல்லாமல், “பெரிய பழுப்பு” என்று இரண்டே சொல்லில் கேட்டார். ஹெர் ஓபரும் ஒரு சொல்லும் பேசாமல் கொண்டுவந்து வைத்தார். ஆங்கிலத்துக்கு மாற முயன்ற வங்கிக் குமாஸ்தாவிடம், தாம் பாட்டியிடம் கற்ற குரலில், ஜெர்மனில் கோபித்துக்கொண்டார். விடைபெறும்போது “ஸெர்வுஸ்” என்றார். அது லத்தீனிலிருந்து வந்த சொல். தங்கள் ஊழியன் என்று அதற்கு அர்த்தம். நம் பெரியவர்கள் சொல்லும் “அடியேன்” என்பதற்கு அதைவிட நெருங்கிய உறவு ஐரோப்பாவில் கிடைப்பது அரிது. ரயிலேறும் அன்று பாட்டி ஒரு பாட்டில் சர்க்கரைப் பாதாமிப் பழக் கூழைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, காலியானதும் எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லி அனுப்பினார்.

இங்கிலாந்தில் வாய்மொழிப் பரீட்சை நடந்தது. பரீட்சகர் வட ஜெர்மனியில் பயின்றவர், சாந்தமானவர். அங்கே என்ன சாப்பிட்டீர் என்று கேட்டார். நம்மவர் நிறுத்தாமல் பதினைந்து நிமிஷம் பதில் சொன்னார். வினைகளெல்லாம் தத்தம் இடத்தில் வந்து நின்றன. பரீட்சகர் மகிழ்ந்து கேட்டிருந்துவிட்டு, தம் குறிப்புத் தாளில் பாரடைஸர் என்ற சொல்லின் கீழ் மட்டும் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, அது வழக்குக் கொச்சை என்று எழுதி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார். நம் வித்தியார்த்தி மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் ஜயம் அவருக்கே. 1995 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஆஸ்திரியா, தன் சமையலறைச் சொற்கள் இருபத்துமூன்றுக்கு ஜெர்மனியின் சொற்களோடு சமமான அந்தஸ்தைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டது. அந்த 23 சொற்களில் பாரடைஸரும் ஒன்று.